கு. அழகிரிசாமியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிக்கக் கொடுப்பது?

தமிழில் படிக்கக் கஷ்டமான கதைக்காரர் யார் என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் மௌனி என்பார்கள். புதுமைப்பித்தனே அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருமூலர் என்றாலே எட்ட நின்று கும்பிட வேண்டியவர் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. கோவில்பட்டிப் பக்கம் கேட்டால் கோணங்கி என்பார்கள். 'பாழி'யைக் கையில் எடுத்து இருபது பக்கம் தாண்டியவர்கள் எனக்குத் தெரிந்து சிலர் உண்டு; தாண்டாதவர்கள் நிறையப் பேர் உண்டு. என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிற கதைக்காரர்களில் ரொம்பக் கஷ்டமானவர் எங்கள் இடைசெவல் கு. அழகிரிசாமிதான் என்பேன்.

சிரிக்கலாம். அவர் எழுத்தில் அகராதி புரட்ட வேண்டிய சொல் ஒன்று உண்டா? கிடையாது. வாக்கியம் எங்காவது முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்குமா? நிற்காது. வம்பே அதில்தான் இருக்கிறது. மௌனியைப் படிக்கிறவனுக்கு முதல் பக்கத்திலேயே வழி தவறியது தெரிந்துபோகும். நின்று நாலு பேரை விசாரிப்பான், அல்லது திரும்பிப் போய்விடுவான். அழகிரிசாமியைப் படிக்கிறவனுக்கு வழி தவறியதே தெரியாது. ஊர் வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ரிடயர் ஆனேன் (நடுவில் பதவிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்). வீட்டுக்காரிக்கு இடைசெவல். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அவள் ஊருக்கே வந்துவிட்டோம். கி. ராஜநாராயணன் இடைசெவலில் பிறந்து, பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் புதுச்சேரிக்குப் போய், 2021இல் அங்கேயே கண்ணை மூடினார். நான் அவர் வந்த வழியில் எதிர்த்திசையில் வந்தவன். அவ்வளவுதான் எனக்கும் இலக்கியத்துக்கும் உள்ள சம்பந்தம்.

2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தச் சின்ன ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கும் அதில் இடம் கொடுத்திருந்தார்கள். கி.ரா.வின் 'கோபல்லபுரத்து மக்கள்' ஒரு பகுதி. கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' ஒரு கதை. தமிழ்நாடு முழுக்கப் பத்தாவது படித்த பிள்ளைகள் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேரைப் படித்திருக்கிறார்கள். ஊருக்குப் பெருமைதான். பெருமை அதோடு நின்றுபோகிறதே என்பதுதான் என் குறை.

கி.ரா.வைப் படிக்க உதவி செய்வது சுலபம். அவரே அதற்கு வழி செய்துவைத்துவிட்டார். 1982லேயே கரிசல் வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்துப் போட்டார். பாடப்புத்தகத்திலும் வட்டாரச் சொல்லுக்குப் பொருள் போட்டிருந்தார்கள். வரத்துக்காரன் என்றால் புதியவன், தொலவட்டை என்றால் தொலைவு என்கிற மாதிரி. சென்னைப் பிள்ளைக்கு அது உதவும். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்கள். "தொலவட்டைக்கு எதுக்குத் தாத்தா அர்த்தம் போட்டிருக்காக?" என்று ஒரு பையன் கேட்டான். புதுச்சேரிக்காரனான எனக்கு அந்தப் பட்டியல் வேண்டியிருந்தது என்பதை அவனிடம் சொல்லவில்லை. எப்படியோ, சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் கி.ரா. கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், உட்காரவைத்து, கஞ்சியும் ஊற்றிவிடுவார். அழகிரிசாமி வீட்டில் கதவு எப்போதும் திறந்தேதான் கிடக்கும். உள்ளே போனவனுக்கு வீட்டில் இன்னொரு அறை இருப்பது தெரியாது.

அந்த அறையைக் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை, சின்ன வயசில் எங்களுக்குப் பிரெஞ்சு வகுப்பில் பழக்கிய முறை. எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த் என்று அதற்குப் பெயர். பாடத்தை விரித்துச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். குஸ்தாவ் லான்சோன் என்ற பேராசிரியர் அங்கே அதைப் பரப்பினார் என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது லான்சோனும் இல்லை ஒன்றும் இல்லை, வாரம் ஒருமுறை வரும் தண்டனை. இருபது முப்பது வரி கொடுப்பார்கள். அந்த வரிகள் கதையில் எந்த இடத்தில் வருகின்றன என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு வாய்விட்டு வாசிக்க வேண்டும். பேச்சு எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் வரிவரியாக: இந்தச் சொல் ஏன், இந்தக் காலம் ஏன், பேசுவது யார், யாரிடம். கடைசியில்தான் முடிவு. ஆரம்பத்திலேயே எழுந்து "இதில் ஆசிரியர் சொல்ல வருவது என்னவென்றால்..." என்று எவனாவது தொடங்கினால் எங்கள் முசே கையைக் காட்டி உட்காரவைத்துவிடுவார். ஆசிரியர் சொல்ல வந்ததை ஆசிரியரே சொல்லிவிட்டார், நீ பார்த்ததைச் சொல் என்பார்.

பிரெஞ்சிலும் இதே சிக்கலுக்குப் பேர்போன ஒரு புத்தகம் உண்டு. ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்'. வெ. ஸ்ரீராம் நேரே பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து, க்ரியா 1980இல் கொண்டுவந்தது. மூன்று வருஷம் பிரெஞ்சு படித்தவன்கூட மூலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். சின்னச் சின்ன வாக்கியங்கள். கதைகளில் வழக்கமாக வரும் இலக்கிய இறந்தகாலத்தை விட்டுவிட்டு, வாயில் பேசுகிற இறந்தகாலத்திலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார். அவ்வளவு எளிமையான புத்தகத்துக்கு வெளிவந்த மறுவருஷமே சார்த்ர் விளக்கக் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலும் அதே எக்ஸ்ப்ளிகாசியோன் என்ற சொல்தான் இருக்கிறது. எளிய வாக்கியங்களுக்குத்தான் விளக்கம் அதிகம் தேவைப்படுகிறது என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இங்கே எளிய நடை என்று ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சரி, 'ஒருவன் இருக்கிறான்' கதைக்கு வருவோம். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சென்னையில் குடியிருக்கும் ஒருவர் கதையைச் சொல்கிறார். பக்கத்தில் தங்கவேலு என்பவர் குடும்பம். அங்கே காஞ்சிபுரத்திலிருந்து குப்புசாமி என்று ஒரு சொந்தக்காரப் பையன் வந்து தங்குகிறான். வயிற்றுவலிக்காரன், வைத்தியத்துக்கு வந்தவன். தாய் தகப்பன் கிடையாது. கதை சொல்பவருக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. அவர் மனைவிக்கு மட்டும் அவன்மேல் இரக்கம். குப்புசாமி ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் காஞ்சிபுரத்திலிருந்து ஆறுமுகம் என்று ஒருவர் அவனைத் தேடி வருகிறார். குப்புசாமியின் சிநேகிதன் வீரப்பன் கொடுத்தனுப்பிய கடிதமும் மூன்று ரூபாயும் கொண்டுவருகிறார். போகும்போது தன் பங்குக்கு ஒரு ரூபாயும் இரண்டு சாத்துக்குடியும் வைத்துவிட்டுப் போகிறார்.

கைடு என்ன சொல்கிறது? கதையின் மையக்கருத்து மனிதநேயம். ஆறுமுகமும் வீரப்பனும் மனிதத்தைக் காட்டும் பாத்திரங்கள். ஏழ்மையிலும் ஈகை. நெடுவினாவாக வந்தால் எட்டு மார்க். முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை. எங்கள் வாசல் திண்ணைக்கு வருகிற ஐந்தாறு பிள்ளைகளும் அதை மனப்பாடம் பண்ணிவிட்டுத்தான் வந்தார்கள். ஒப்பித்தும் காட்டினார்கள். ஒரு பிழை இல்லை.

நான் கைடை வாங்கி உள்ளே வைத்துவிட்டு முதல் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: இதைச் சொல்கிற ஆள் எப்படிப்பட்டவர்? பிள்ளைகள் முழித்தார்கள். கதை சொல்பவர் ஒரு ஆள் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர் ஆசிரியர், அதாவது கு. அழகிரிசாமி, அவர் படத்தைத்தான் புத்தகத்தில் போட்டிருக்கிறார்களே! ஆசிரியர் நல்லவராகத்தானே இருப்பார்?

நாற்பது வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு கோப்பைப் பிரித்தால் என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது யார் எழுதியது, எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது, யார் கண்ணில் பட வேண்டும் என்று எழுதியது. அழகிரிசாமியும் பத்திரிகைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சகாலம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். பத்திரத்தில் எழுதித்தரும் ஆள் யார், எழுதிவாங்கும் ஆள் யார் என்று தெரியாமல் ஒரு வரி நகராது. அந்த நாட்களில் அவர் என்ன கற்றுக்கொண்டாரோ, கதை சொல்லும் 'நான்' என்ற ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்கிற விஷயம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுபடி வாசித்தோம். குப்புசாமியைப் பற்றிச் சொல்லும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். கோடு போட்ட இடங்களில் குப்புசாமி செய்தது எது, கதை சொல்பவர் அவனைப் பற்றி நினைத்தது எது என்று பிரிக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பிள்ளைகளுக்கே புரிந்துவிட்டது. குப்புசாமி யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணவில்லை. நோயாளியாக இருந்தான், ஏழையாக இருந்தான், அடுத்தவர் வீட்டில் இருந்தான். பாக்கியெல்லாம் பார்க்கிறவர் கண்ணில் இருந்தது. ஒரு பெண் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "தாத்தா, நானும் அவனை அப்படித்தான் நெனச்சேன். இவரு சொல்லுததைக் கேட்டுத்தான்."

இந்தக் கோபம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கதைக்குள் வாசகனும் ஓர் ஆள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பேராசிரியர்கள் நவீனத்துவம் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதில் ஒரு பங்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். முன்காலத்துக் கதையில் சொல்பவர் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இங்கே சொல்பவரே தராசில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து எனக்குக் கைவந்த தொழிலையே எடுத்தேன். கணக்கு. நோட்டில் கோடு கிழித்து ஒரு பக்கம் யார் கொடுத்தது, எவ்வளவு. மறுபக்கம் அது எதிலிருந்து வந்தது, கொடுத்த பிறகு அவருக்கு என்ன குறைந்தது. ஆறுமுகத்தின் சாத்துக்குடி அவர் தன் பிள்ளைக்காக வாங்கியதிலிருந்து எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு பழம் குறைச்சல். வீரப்பனின் மூன்று ரூபாய் அவன் ஒருவரிடம் கடன் வாங்கிய பணம். வந்து செலவழிப்பதைவிட அந்தப் பணம் நோயாளிக்கு உதவட்டும் என்று அனுப்பிவிட்டான். இதற்கு நேரே 'குறைந்தது' என்ற பக்கத்தில் என்ன எழுதுவது? மூன்று ரூபாய் என்று ஒருவன் எழுதினான். இன்னொரு பையன், படிப்பில் கடைசி என்று பெயர் வாங்கியவன், "அவரு வந்து பாக்கதையே குடுத்துட்டாரு தாத்தா" என்றான். பணத்தைக் கொடுக்கலாம், பழத்தைக் கொடுக்கலாம். பார்க்க வேண்டும் என்ற ஆசையை எடுத்துக் கொடுப்பது என்பது எந்தக் கைடிலும் இல்லை. கடிதத்தில் இருக்கிறது. அழகிரிசாமி அதைப் பெரிதுபடுத்தாமல் எழுதியிருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

கதை சொல்பவரின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று ஒரு சண்டை வந்தது. ஒன்றுமில்லை என்றார்கள் பலர். கோபப்பட்ட அந்தப் பெண் மட்டும், இந்தக் கதையைச் சொன்னாரே, அதுதான் அவர் கொடுத்தது என்றாள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கதை சொல்லிவிட்டால் பாக்கி தீர்ந்துவிடுமா? ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தானாக யோசித்துச் சொன்ன பதிலைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

தலைப்புக்குக் கடைசியில் வந்தோம். யார் அந்த ஒருவன்? கைடில் ஒரே விடை, வீரப்பன். யாருமே இல்லை என்று நினைத்த குப்புசாமிக்கு ஒருவன் இருக்கிறான். சரியான விடைதான். ஆனால் குப்புசாமியையே ஒரு மனுஷனாக யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே, இப்போதுதானே அவனும் ஒருவன் இருக்கிறான் என்று சொல்பவருக்குத் தெரிகிறது? அப்படியும் படிக்கலாம். இன்னொன்று பிள்ளைகளே சொன்னார்கள். வீட்டில் பாட்டிமார் யாராவது அநியாயம் பண்ணினால் கையை மேலே காட்டி "ஒருத்தன் இருக்கான்" என்பார்களே, அந்த ஒருத்தன். அழகிரிசாமி இந்த மூன்றில் எதை நினைத்தார் என்று அவரிடம் கேட்க முடியாது. 1970இல், நாற்பத்தாறு வயசில் போய்விட்டார். மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை மட்டும் பார்க்க முடிகிறது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ரிடயர் ஆன தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க ஆறு பிள்ளைகளை வச்சுக்கிட்டுத் திண்ணையில உக்காந்து கணக்குப் போடுதீக. எனக்கு ஒரு வகுப்புக்கு நாப்பது பேரு. நாப்பது நிமிசம். மார்ச்சுல பரீட்சை. தலைப்புக்கு மூணு அர்த்தம்னு எழுதினா திருத்துதவன் மூணையும் அடிச்சுட்டுப் போயிருவான்." நியாயம்தான். வாத்தியார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. எனக்குப் பரீட்சைப் பொறுப்பும் கிடையாது. பிள்ளைகளிடமும் சொல்லித்தான் அனுப்பினேன், பரீட்சையில் கைடில் உள்ளபடியே எழுதிவிட்டு வாருங்கள் என்று.

ஆனால் எட்டு மார்க்குக்காக மனிதநேயம் என்று முத்திரை குத்தி அந்தக் கதையை அனுப்பிவிடுவது இருக்கிறதே, கதை சொல்பவர் குப்புசாமிக்குச் செய்ததும் அதைத்தானே? அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார், இன்ன ரகம் என்று முடிவுகட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்தத் தப்பைப் பற்றிக் கதை எழுதப்பட்டதோ அந்தத் தப்பையே கதைமேல் செய்யப் பழக்குகிறோம். கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் ஒரே ஒரு கேள்வியை மாற்றினால் போதும். மனிதத்தை வெளிப்படுத்தும் பாத்திரம் எது என்று கேட்பதற்குப் பதிலாக, கதையைச் சொல்பவரைப் பற்றி எழுதுக என்று கேட்கட்டும். கைடு போடுகிறவர்கள் அதற்கும் ஒரு விடை அச்சடித்துவிடுவார்கள், தெரியும். ஆனால் ஒரு வருஷமாவது பிள்ளைகள் கதையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது 'அன்பளிப்பு'. அவருக்குச் சாகித்திய அக்காதெமி விருது வாங்கிக் கொடுத்த தொகுப்பின் பெயரும் அதுதான். அங்கேயும் 'நான்' என்று ஒருவர் கதை சொல்கிறார். ஆனால் இவர் நேர் எதிர். பத்திரிகை ஆபீஸ்காரர், அக்கம்பக்கத்துக் குழந்தைகள்மேல் உயிரானவர். குழந்தைகள் அவர் மேலே விழுந்து புரளும். புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார், டைரி கொடுப்பார். சாரங்கன் என்ற பையன் மட்டும் அந்த அன்பில் எங்கோ விட்டுப்போகிறான். கடைசியில் அவன் இவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து உபசரித்து, தானே வாங்கிவைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். இவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதித் தரும்படி கேட்கிறான்.

இதைப் படித்துவிட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. கண் கலங்குவதில்தான் ஆபத்து. கலங்கியவுடன் கதை முடிந்துவிட்டதாகத் தோன்றிவிடும். சாரங்கன் பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். கோவில்பட்டியில் கல்லூரிக்குப் போகிற ஒரு பையனிடம் இங்கேயும் கணக்கைத்தான் கேட்டேன். அந்த டைரி யார் காசு? யார் யாருக்குக் கொடுத்தது? எழுதிக் கொடுத்தவர் என்ன கொடுத்தார்? அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவரு கெட்டவரா தாத்தா?" என்றான். கெட்டவர் இல்லையே, அதுதானே சங்கடம்! கெட்டவன் ஒருவன் கண்ணுக்கு எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்க்காமல் போனால் அதில் கதை ஏது? குழந்தைகளை இவ்வளவு நேசிக்கிறவர் பார்க்கவில்லை. எனக்கு எல்லாக் குழந்தைகளும் ஒன்றுதான் என்று மனமார நம்பிக்கொண்டே பார்க்கவில்லை. நம் பரீட்சைத் தமிழில் பாத்திரம் என்றால் நல்ல பாத்திரம் அல்லது கெட்ட பாத்திரம். இந்த மனுஷனுக்கு உட்தலைப்பு போட முடியாது.

இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்க வைத்தால் வேறு உதவியே வேண்டாம் என்பது என் அனுபவம். ஒன்றில் இரக்கமே வராத 'நான்', ஒன்றில் அன்பே உருவான 'நான்', இரண்டு பேருக்கும் ஒரே குருட்டுத்தனம். பிறகு 'ராஜா வந்திருக்கிறார்' கதையைக் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களாகவே அந்த 'ராஜா' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். பணக்கார வீட்டுக்கு வரும் ராஜா ஒருவர், தாயம்மாள் வீட்டுக்கு வரும் ராஜா வேறு. அங்கே நான் வாயைத் திறப்பதில்லை.

வாயைத் திறந்தே ஆக வேண்டிய கதையும் உண்டு. 'திரிபுரம்'. பஞ்சத்தில் ஒரு தாயும் மகளும் படுகிற பாடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை, கல்லூரிக்குப் போகட்டும். முடிவில் வருகிற சிரிப்புக்குப் பொருள் தெரிய வேண்டும் என்றால் சிவன் சிரித்தே முப்புரத்தை எரித்த கதை தெரிந்திருக்க வேண்டும். அழகிரிசாமி எழுதிய காலத்தில் தலைப்பைப் பார்த்ததுமே அந்தப் புராணம் நிறையப் பேருக்கு ஞாபகம் வந்திருக்கும். இப்போதுள்ள பிள்ளைக்கு வராது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியதுதான். தெரியாத தகவலைச் சொல்வது உதவி. பார்க்கக்கூடியதைப் பார்க்கவிடாமல் முந்திக்கொண்டு சொல்வது உதவி ஆகாது. பெரும்பாலான கைடுகள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கின்றன.

கோவில்பட்டியில் 2022இல் கி.ரா.வுக்கு அரசு நினைவரங்கம் திறந்தார்கள். சந்தோஷம். பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள், சிலை பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகிரிசாமிக்கும் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கட்டட்டும். அதற்குள் ஒரு மர அலமாரியில் அவருடைய சிறுகதைகளின் முழுத் தொகுப்பு பத்துப் பிரதி, பக்கத்தில் பத்துப் பென்சில் வைத்தால் இன்னும் நல்லது. காலச்சுவடு போட்ட தடிப் புத்தகம், கையில் தூக்கினால் கனக்கும். கோடு போடக்கூடாது என்று எழுதி ஒட்டாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கோடை லீவுக்குக் 'குமாரபுரம் ஸ்டேஷன்' படிக்கலாம் என்று இருக்கிறேன். குமாரபுரம் கோவில்பட்டிக்குத் தெற்கே அடுத்த ஸ்டேஷன். கதையில் பள்ளிக்கூடத்தில் சேரக் கோவில்பட்டிக்கு ரயிலேறும் பையன்கள் இடைசெவல் பையன்கள். எங்கள் ஊர்ப் பெயர் அச்சிலேயே வருகிறது. அதுதான் எனக்குக் கவலை. ஊர்ப் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில், ஒன்றுமில்லாத காட்டு ஸ்டேஷன் என்று இளப்பமாகப் பார்க்கும் அந்தத் தலைமையாசிரியரின் கண் எந்த வரியில் மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது இடைசெவல் என்று வரும் இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறேன். தமிழாசிரியர் அண்ணாச்சி அது மோசடி என்கிறார். வீட்டுக்காரியும் அவர் கட்சி.